பதினோராவது படம்

"மேடம், எல்லாம் சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் கையெழுத்து போட மாட்டேங்கறீங்க?"

கேட்டவர் ஜெபமணி. அவர்தான் மாணவர். வயது ஐம்பத்து மூன்று.

"எல்லாம் சரியா இருக்கு சார். அதான் பயமா இருக்கு."

சொன்னவர் அங்கயற்கண்ணி. அவர்தான் ஆசிரியை. வயது முப்பத்து நான்கு.

மேசை மேல் ஒரு படம் இருந்தது.

படத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாசல். அதன் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை, இரண்டு பேர் பிடித்து இழுத்த நூல் போல மேற்கே போனது. நூலுக்குக் கீழே தரை. நூல் தரையை எங்கும் தொடவில்லை.

"எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க," என்றார் ஜெபமணி.

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"இந்தக் காத்து தூங்குது சார்."

*

உப்பளங்களுக்கு நடுவே இருந்தது அந்த ஆய்வுக்கூடம். ஒரு கம்பிக் கோபுரம். ஒரு வேம்பு. கணினிகள் இருக்கும் குளிர் அறை ஒன்று. சுற்றிலும் கண் கூசும் வெள்ளை.

அங்கே தரைக் காற்றைப் பற்றி ஆராய்ந்தார்கள். தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரம் வரை உள்ள காற்று. வெயில் ஏற ஏற அது பொங்கும், புரளும், சுழலும். அதற்கு மேலே இருக்கும் காற்றுக்குத் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

தரைக் காற்றைப் போலவே ஒரு காற்றைக் கணினிக்குள் உண்டாக்குவதுதான் அவர்களுடைய வேலை. நிஜக் காற்று நாளை என்ன செய்யும் என்று தெரிய, பொய்க் காற்றை இன்றைக்கே வீச வைத்துப் பார்ப்பார்கள்.

கணினிக்குள் ஒரு காலைப்பொழுது நடந்து முடிய வெளியே மூன்று நாள் ஆகும். அங்கே பறவை கிடையாது. வாசனை கிடையாது. மேற்குச் சுவர் வழியாக வெளியே போகும் காற்று, அடுத்த நொடியே கிழக்குச் சுவர் வழியாக உள்ளே வரும். தன் முதுகைத் தானே பார்த்துக்கொண்டு போகிற காற்று.

ஜெபமணி முப்பது வருடம் வானிலை அலுவலகத்தில் இருந்தவர். பத்து நிமிடம் வீசிய காற்றைக் கூட்டி, வகுத்து, ஒரே எண்ணாகப் பதிவேட்டில் எழுதுவார். அடித்தல் திருத்தல் இருக்காது. முப்பது வருடம் காற்றை எழுதிவிட்டு, காற்றைப் படிக்க வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார்.

அவர் முதன்முதலாகத் தன் பெயரில் எழுதிய அறிக்கை அது.

*

அறிக்கையைக் கேட்டது உப்பளத்துப் பெண்கள்.

விடிவதற்குள் அவர்கள் உப்புப் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். கைக்குழந்தைகள் வரப்பு மேல், மூன்று கம்பு நட்டுக் கட்டிய தூளியில் கிடக்கும். வெயில் ஏறினால் துணியும் சுடும். அதனால் ஊரில் ஒரு பால்வாடி கட்டலாம் என்று பேச்சு.

இரண்டு இடங்கள் இருந்தன.

ஒன்று பாத்திகளை ஒட்டியே. இரண்டு வாகை மரம், நல்ல நிழல். நடுவில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் நானூறு அடி கிழக்கே சிப்பி சுடும் காளவாசல்.

இன்னொன்று நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். புகை இல்லை. நிழலும் இல்லை. அரை மணி நேர நடை. நடுவில் லாரிகள்.

காளவாசல் புகை வாகை மரத்தடியில் இறங்குமா, இறங்காதா? மே ஒன்றாம் தேதி கிராமசபைக் கூட்டம். அதற்குள் சொல்ல வேண்டும்.

இறங்காது என்று ஜெபமணி எழுதியிருந்தார். 'இடம் பாதுகாப்பானது.'

*

"பிழை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க மேடம். திருத்திடுறேன்."

"நீங்களே தேடிப் பாருங்க சார். ஒண்ணு கிடைச்சாலும் எங்கிட்ட கொண்டு வாங்க."

நான்கு நாள் தேடினார். ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு எண்ணாக. பதிவேட்டைச் சரிபார்ப்பது போல விரலை வைத்துக்கொண்டு.

ஐந்தாம் நாள் வந்து நின்றார். முகத்தில் வாட்டமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"ஒண்ணும் கிடைக்கலை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

"அய்யய்யோ," என்றார் அங்கயற்கண்ணி.

அவர் கேலி செய்கிறாரா என்று ஜெபமணிக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தாகப் போகிறது.

"சார், காளவாசல்லருந்து வாகை மரம் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க."

"சரி மேடம். தெர்மாமீட்டர் எடுத்துக்கவா?"

"வேண்டாம். செருப்பை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க."

*

காளவாசல் அடியில் சுண்ணாம்புத் தூள். ஆறிப்போன சாம்பல் போல இதமாக இருந்தது.

நாலு எட்டு வைத்ததும் செம்மண். உள்ளங்கால் பொரிந்தது.

வரப்புக் களிமண் ஈரமாக, குளிர்ந்து, விரலிடுக்கில் ஏறியது. உப்புக் குவியலின் ஓரம் குத்தியது. ஆனால் சுடவில்லை. யாரோ போட்டிருந்த கறுப்புத் தார்ப்பாயில் கால் வைத்ததும் துள்ளினார்.

பாத்தியில் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, பூக்குழி இறங்குதியளா?"

சந்தனமாரி. பால்வாடி வேண்டும் என்று முதலில் மனு எழுதியவள் அவள்தான். வரப்புத் தூளியில் கிடந்த ஐந்து மாதக் குழந்தை அவளுடையது.

"ஆராய்ச்சிம்மா," என்றார் ஜெபமணி ஒற்றைக் காலில் நின்றபடி.

"ஆராய்ச்சிக்குச் செருப்பு ஆகாதோ?"

பெண்கள் சிரித்தார்கள். பாத்தித் தண்ணீரில் அவர்களுடைய நிழல்களும் குலுங்கின.

"ஒண்ணாந்தேதிக்குள்ள சொல்லிருவியள்லா?" இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "எம்பிள்ளைக்கு முதுகெல்லாம் வேக்குரு. உங்க வார்த்தைக்குத்தான் காத்துக் கெடக்கோம்."

"சொல்லிருவேன்மா."

மேலே நடந்தார். உடைமரத்தின் ஒழுகும் நிழலில் ஒரு கால் குளிர்ந்தது, ஒரு கால் சுட்டது. ஓர் ஆடு படுத்து எழுந்து போன இடம் மட்டும் வேறொரு சூடாக இருந்தது. யாரோ நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்த மாதிரியான சூடு.

தூரத்தில் தரையின் மேல் காற்று நெளிந்தது. உப்புக் குவியல்கள் தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதந்தன.

வாகை மரத்தடிக்கு வந்தபோது, எத்தனை தரையில் நடந்தோம் என்று அவருக்குக் கணக்கே இல்லை.

*

திரும்பி வந்தார். அங்கயற்கண்ணி ஒரு வாளித் தண்ணீரோடு வாசலில் நின்றார்.

"எப்படி சார் இருந்துச்சு?"

"ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாதிரி மேடம்."

"உங்க கணினித் தரை எப்படி?"

ஜெபமணி வாளிக்குள் காலை வைத்தார். தண்ணீர் கலங்கியது.

தரையின் சூட்டை அவர் நாற்பது இடத்தில் அளந்திருந்தார். நாற்பதும் நாற்பது விதமாக இருந்தன. பார்க்க அசிங்கமாக இருந்தது. கூட்டி வகுத்து ஒரே எண்ணாக்கி, அதைத் தரை முழுவதும் விரித்துவிட்டார்.

"நாலு கிலோமீட்டருக்கும் ஒரே சூடு மேடம்."

"அந்தத் தரையில ஒருத்தர் நடந்தா?"

அவர் யோசித்தார்.

"நடக்கிறோம்னே தெரியாது."

"காத்துக்கும் அப்படித்தானே சார்?"

தண்ணீர் வாளியில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெபமணி அதையே பார்த்தார்.

எந்த இடம் முதலில் எழும்ப வேண்டும் என்று அந்தக் காற்றுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லா இடமும் ஒன்று போலச் சுடும்போது எந்த இடமும் எழும்பாது.

காலைத் துடைக்காமலே குளிர் அறைக்கு ஓடினார். தரையெல்லாம் ஈரத் தடம்.

*

கணினித் தரை மேல் சூட்டைத் தூவினார். கோலப்பொடி தூவுகிற மாதிரி. இங்கே நூறில் ஒரு பங்கு கூட, அங்கே நூறில் ஒரு பங்கு குறைய. யாருடைய கையும் உணராத அளவு.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் நாள், திரையில் நூல் போல இருந்த புகையின் நுனி கொஞ்சம் நடுங்கியது. உறங்குகிறவரின் இமை நடுங்குவது போல.

மூன்றாம் நாள் காலை அவர் கதவைத் திறந்தபோது காற்று எழுந்திருந்தது.

தரையிலிருந்து தூண் தூணாக ஏறியது. ஏறிய இடத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. பெரிய சுழல் சின்னச் சுழலாக உடைந்தது, சின்னது அதனிலும் சின்னதாக, பிறகு கண்ணுக்கு எட்டாமல் போனது. புகை அதில் ஏறிக் குதித்து மல்லாந்து திரும்பியது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போல அதற்கு ஒரு திசை போதவில்லை.

ஜெபமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டை மறந்தார். தானே அதற்குள் இருப்பது போலவும், தன் சட்டை படபடப்பது போலவும் இருந்தது.

பிற்பகலில் அங்கயற்கண்ணி வந்து பின்னால் நின்றார்.

"அழகா இருக்கு சார். புகை வாகை மரத்துக்கு வருதா?"

"இல்ல மேடம். அதுக்கு முன்னாடியே மேல ஏறிடுது."

"அந்தப் பொடியை வேற மாதிரி தூவியிருந்தா?"

ஜெபமணி திரும்பிப் பார்த்தார். ஆசிரியை போய்விட்டிருந்தார்.

*

குளிர் அறையில் பத்து இயந்திரங்கள் இருந்தன. பத்திலும் பத்து விதமாகத் தூவினார். அதே தரை, அதே வெயில், அதே காளவாசல். தூவிய பொடி மட்டும் வேறு.

மூன்று நாள் கழித்துப் பத்துக் காலைப்பொழுதுகள் கிடைத்தன.

ஒன்றில் புகை வடக்கே ஒதுங்கியது. ஒன்றில் வானத்தில் தொலைந்தது. ஒன்றில் உப்புக் குவியல் மேல் உருண்டது. ஏழாவதில், வந்த வழியெல்லாம் உயரமாக வந்துவிட்டு, வாகை மரத்தடியில் தலைகீழாக இறங்கி, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது.

பத்தும் சரி. ஒன்றிலும் பிழை இல்லை.

கிராமசபைக்கு இன்னும் இரண்டு நாள்.

கை தானாகப் பேனாவை எடுத்தது. பத்தையும் கூட்டினார். பத்தால் வகுத்தார்.

பதினோராவது படம் வந்தது. மென்மையான, அகலமான, வெளுத்த ஒரு புகை. வாகை மரத்தடியில் அதன் அளவு, உடம்புக்கு ஆகாது என்று சொல்லும் கோட்டுக்கு நன்றாகக் கீழே.

அவர் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்தது. பதினொன்றையும் எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போனார்.

அங்கயற்கண்ணி பதினோராவது படத்தை வாங்கிப் பார்த்தார்.

"கஷ்டப்பட்டு எழுப்பினீங்க. மறுபடி தாலாட்டிட்டீங்களே சார்."

"முப்பது வருஷப் பழக்கம் மேடம்," என்றார் ஜெபமணி மெதுவாக. பிறகு கொஞ்சம் கோபம் வந்தது. "அப்ப எதைத்தான் எழுதச் சொல்றீங்க? பத்தும் பத்து விதமா இருக்கு. நாளைக்கு வீசப்போறது இதுல எதுன்னு நீங்களாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது."

"மேடம்!"

"நிஜமாத் தெரியாது சார். தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" அவர் பத்துப் படங்களையும் அடுக்கினார். பதினோராவதையும் மேலே வைத்தார். "வாங்க, இடத்துக்கே போய்ப் பாப்போம்."

*

வாகை மரத்தடியில் காய்ந்த நெற்றுகள் சலசலத்தன.

ஜெபமணி படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஓர் உப்புக் கட்டி.

வேலை முடிந்து பெண்கள் கரையேறும் நேரம். சந்தனமாரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கால்களில் உப்பு வெள்ளை பூத்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, கடை விரிச்சிட்டியளா?"

"உக்காரும்மா. இதுதான் அந்தப் புகை."

அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். காளவாசலை அவளுக்கே அடையாளம் தெரிந்தது. வாகை மரங்களையும் தெரிந்தது.

"இது வடக்க போவுது."

"ஆமா."

"இது மேலே போவுது." ஏழாவதுக்கு வந்தாள். கை அங்கேயே நின்றது. "இது இங்கன வருது."

"ஆமாம்மா."

"இதுல எது நிசம்?"

"எல்லாமே நிசம்தான். எது எப்ப வரும்னு சொல்ல முடியாது."

"மேடமாலயும் முடியாதா?"

"என்னாலயும் முடியாதும்மா," என்றார் அங்கயற்கண்ணி.

குழந்தை கையை நீட்டி ஓர் உப்புக் கட்டியைப் பிடிக்கப் பார்த்தது. அவள் அந்தக் கையை மடக்கிக்கொண்டாள்.

"அப்ப இது?"

பதினோராவது படம்.

"அது சராசரிம்மா. பத்தையும் சேத்துப் போட்டது. இப்படிப் பாத்தா இந்த இடத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஈரத்துணிய விரிச்ச மாதிரி."

விரலால் அதன் ஓரத்தைத் தடவினாள்.

"இது என்னைக்கு வரும் அண்ணாச்சி?"

ஜெபமணி வாயைத் திறந்தார்.

முப்பது வருடம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் அவர் எழுதிய காற்றுகள். அவை ஒவ்வொன்றாக அவர் கண் முன் வந்தன. அவற்றில் எதுவும் எந்த மரத்தையும் அசைத்ததில்லை. எந்தக் கொடித் துணியையும் தூக்கியதில்லை.

"வராதும்மா."

"என்னைக்குமேவா?"

"என்னைக்குமே வராது."

"பொறவு அத எதுக்கு எனக்குக் காட்டுதிய?"

ஜெபமணி அந்தப் படத்தை எடுத்து மடித்தார்.

அவள் ஏழாவது படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது வரும். ஒரு நா இல்லாட்டி ஒரு நா. இல்லியா?"

"ஆமாம்மா. வரும்."

ஜெபமணி பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். 'இடம் பாதுகாப்பானது' என்ற வரியை அடித்தார். அவருடைய எழுத்தில் வந்த முதல் அடித்தல். அதன் கீழே எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"இங்கே பால்வாடி வேண்டாம்."

படித்துவிட்டு ஆசிரியையைப் பார்த்தார். அங்கயற்கண்ணி மெல்லத் தலையசைத்தார்.

சந்தனமாரி தலையசைக்கவில்லை. மேற்கே பார்த்தாள். நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டினா, பால் குடுக்க யாரு போவா?"

மேலே வாகை நெற்றுகள் சலசலத்தன.

"அதையும் அடிங்க அண்ணாச்சி."

"எதைம்மா?"

"அந்த வேண்டாங்கிறத. பிள்ளைக இங்கனதான் கெடக்கும்னு எழுதுங்க. ஒண்ணாந்தேதிக் கூட்டத்துல அந்த ஏழாவது படத்த நான் காட்டுதேன்."

"அதுல புகை இறங்குதேம்மா?"

"இறங்கட்டும். அப்ப அந்தப் புகைய எங்க கொண்டுபோயி விடணும்னு, காளவாசக்காரரு செருப்பத் தேய்ச்சு உங்ககிட்ட வந்து கேக்கட்டும்."